நாக்கின் அடியில் ஐந்து சொட்டு

பாரிசின் லா சப்பல் பகுதியில் மெத்ரோ ரயில் நிலத்துக்கு அடியில் போவதில்லை, தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். வசந்தரூபிக்கு அந்தச் சத்தம் ஆகாது. லா கூர்னெவ் சமையற்கூடத்திலிருந்து இடியப்பமும் ரோல்ஸும் வான் வண்டியில் ஏற்றிவந்து கடைகளில் இறக்குவது அவள் வேலை. பெட்டியைத் தூக்கும் நேரத்தில் மேலே ரயில் வந்தால் கால்கள் தாமாக மடங்கிக் குந்திவிடுவாள். 2009இல் வன்னியில், ஷெல் வரும்போது பழகிய குந்தல்.

"என்ன அக்கா விழுந்தது?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள்.

"திறப்பு விழுந்திட்டுது" என்று வான் சாவியைக் காட்டுவாள்.

பாரிசுக்கு வந்தது 2011இல். இங்கேதான் குலசிங்கத்தைக் கட்டினாள். அவன் ரெஸ்ரோரண்டில் சமையல். மகள் தர்மிளா இங்கேயே பிறந்தவள். மூன்றாம் தடவையில் பெர்மி, வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம், கிடைத்தபோது சமையற்கூட முதலாளி தவரத்தினம் யோசிக்காமல் வானை அவளிடம் கொடுத்தார்.

2022 கோடையில் நிலைமை முற்றியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நித்திரை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும். டாக்டர் மர்கரீத்திடம் போனாள். பத்து வயது தர்மிளாதான் மொழிபெயர்ப்பு.

"அம்மா, அங்கை என்ன நடந்தது எண்டு கேக்கிறா."

வசந்தரூபி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "ஒண்டுமில்லை. வேலைக் களைப்பு எண்டு சொல்லு."

கொடுத்த குளிசை பகலிலும் தூக்கத்தைத் தந்தது. அதைப் போட்டுக்கொண்டு வான் ஓட்ட முடியாது. நிறுத்திவிட்டாள்.

பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை செய்யும் பெர்னார் முதுகு நோவுக்கு ஒரு எண்ணெய் பாவித்தான். கஞ்சாச் செடியில் எடுத்தது, ஆனால் போதை தரும் பொருளை நீக்கிவிட்டார்கள், கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள் என்றான். சி.பி.டி. என்பதைப் பிரெஞ்சில் செபெதே என்பார்கள். அவளும் ஒரு போத்தல் வாங்கினாள். காலையில் நாக்கின் அடியில் ஐந்து சொட்டு. ஒரு கிழமை ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாள் ரயில் கடந்துபோன பிறகுதான், பெட்டியோடு தான் நிமிர்ந்தபடியே நிற்பதைக் கவனித்தாள்.

மூன்று மாதம் கழித்துப் போத்தல் குலசிங்கத்தின் கையில் அகப்பட்டது.

"இது கஞ்சா இலைப் படமெல்லே?"

"போதை இல்லை. கடையிலைதான் வாங்கினனான்."

"சனம் அறிஞ்சா என்ன கதைக்கும்? பிள்ளை இருக்கிற வீடு."

"மூண்டு மாசமா நான் நித்திரை கொள்ளுறன். அது ஆருக்கும் தெரிஞ்சுதா?"

அவன் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த பெப்ரவரி காலையொன்றில் பொலிஸ் வானை மறித்து வாயில் ஒரு குச்சியை வைக்கச் சொன்னது. எச்சிலில் போதைப் பொருள் இருப்பதாகக் குச்சி காட்டியது. கைப்பையில் இருந்த போத்தலைக் காட்டினாள். விற்பதற்குத் தடையில்லை, ஆனால் வாகனம் ஓட்டுகிறவரின் உடலில் போதைப் பொருளின் துளி இருந்தாலும் குற்றம், எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்காது என்றார் பொலிஸ்காரர். எண்ணெயில் அந்தத் துளி எஞ்சியிருந்திருக்கிறது. பெர்மியை ஆறு மாதம் நிறுத்திக் கடிதம் வந்தது.

"தங்கச்சி, உன்னிலை எனக்குச் சந்தேகமில்லை" என்றார் தவரத்தினம். "ஆனா வான் ஓட ஆள் வேணும்."

அவளை வெங்காயம் வெட்டவிட்டார். ரூ பஜோல் கோயிலில் இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். 'கஞ்சா கேஸ்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. சொட்டை விட்டுவிட்டாள். நித்திரையும் போய்விட்டது.

ஏப்ரலில் மர்கரீத்திடம் தனியே போனாள். அந்த மருந்தை டாக்டரே எழுதித் தர முடியாதா என்று, தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள். முடியாது என்றார் மர்கரீத். மருந்தாகக் கஞ்சாவை இங்கே பரீட்சார்த்தமாகத்தான் கொடுக்கிறார்கள். அதுவும் கடும் நரம்பு நோவு, வலிப்பு போன்ற சில வருத்தங்களுக்கு மட்டும். பதற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த எண்ணெய் பதற்றத்தைத் தணிக்குமா என்பதும் இன்னும் உறுதியாகவில்லை.

"எனக்குத் தணிந்தது" என்றாள் வசந்தரூபி.

இருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். ஓடு, ஒளிந்துகொள் என்று சொல்லும் நரம்புகள் ஒரு பக்கம், ஆபத்துப் போய்விட்டது, அடங்கு என்று சொல்பவை மறுபக்கம். உங்கள் நாட்டில் போர் முடிந்து பதினாலு வருடமாகியும் உங்கள் உடம்பில் முதலாவது கூட்டம் ஓயவில்லை என்றார். ஏன் என்று கேட்காமல் காத்திருந்தார்.

"மா சேர்" என்றாள் வசந்தரூபி. என் தங்கை. "துருவா ஜூர். அவெக் முவா." மூன்று நாள், என்னோடு. பங்கர் என்பதற்கும் உடல் என்பதற்கும் பிரெஞ்சு தெரியவில்லை. கையால் ஒரு குழியைக் காட்டினாள். மர்கரீத் பேனையைக் கீழே வைத்தார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் உள்ள உளவியலாளர் ஒருவரிடம் இடம் கிடைக்க நாலு மாதம் எடுத்தது. பெர்மி திரும்பி வந்தபோது வானுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். வியாழக்கிழமைகளில் அரைநாள் லீவு எடுத்துப் போகிறாள். சில இரவுகள் நித்திரை வருகிறது, பல இரவுகள் இல்லை. பாலத்தின் கீழே போவதில்லை. சுற்றுப் பாதையில் நடக்கிறாள்.

ஒரு வியாழன் அவள் புறப்படும்போது, ஒவ்வொரு கிழமையும் எங்கே போகிறாய் என்று தர்மிளா பிரெஞ்சில் கேட்டாள்.

"சித்தியைப் பற்றிக் கதைக்கப் போறன்."

"எனக்குச் சித்தி இருந்தவவா?" பிள்ளை தமிழுக்கு மாறியிருந்தாள்.

"ஓம். அஜந்தா எண்டு பேர். அப்ப அவவுக்கு உன்ரை வயசுதான்."

அதற்குமேல் அன்று அவளால் சொல்ல முடியவில்லை. தர்மிளா தாயின் குளிர்க்கோட்டை எடுத்து வந்து கொடுத்தாள்.