யாரிடம் பழகினீர்கள்

நேற்று வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. கடைக்குத் தூக்கிப் போனேன். மெக்கானிக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாசம். உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, காயில், முழுக்கப் போச்சு என்றார். நான் நம்பாமல் எட்டிப் பார்த்தேன். போய்த்தான் இருந்தது. இந்தச் சந்தேகப் புத்தி எனக்குப் பழசு.

பல வருஷம் முன்பு சூலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் காயில் கட்டினேன். பதினொரு பெண்கள், தரையில் வரிசையாக. எல்லோருக்கும் கை பழக்கிவிட்டவள் ரோஸ்லின். எங்கள் வயசுதான். கம்பி முறுக்கிக்கொண்டால் எழுந்து வந்து, நம் விரலைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போவாள். இடத்தைவிட்டு எழக்கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. அவளுக்கு முதுகுவலி. நாற்காலி வேலை ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் இரண்டு பேர் தாளோடு வந்தார்கள். பள்ளிக்கூடம் போகாமல் பழகிய வேலையை மதிப்பிடப் போகிறார்களாம். எல்லோருக்கும் டீயும் பப்ஸும். சும்மா யார் பப்ஸ் கொடுப்பார்கள்? எனக்கு ஒப்பவில்லை. பப்ஸை மட்டும் தின்றேன்.

"இத யாருகிட்டங்க பழகுனீங்க?"

பெயரைச் சொன்னால் தாள் மேனேஜர் வரை போகும். இடத்தைவிட்டு எழுந்ததற்கு ரோஸ்லினின் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். "நானாத்தானுங்க" என்றேன்.

சாப்பிடும்போது பார்த்தால் மற்றவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். "வயித்துக்குள்ளயே காயில் கட்டிட்டு வந்தவளுக!" என்றாள் ஒருத்தி. சிரித்தோம். ரோஸ்லின் டிபன் பாக்ஸை மூடினாள். முதுகு வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து எங்களை நிற்கவைத்து முடிவை வாசித்தார்கள். ஒருவர் மட்டும், தானே பிறருக்குக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார், அதை வேறு யாரும் சொல்லவில்லை என்று இருந்தது. அதனால் பழக்கிவிடும் வேலைக்கு, நாற்காலியோடு, வெளியாள் ஒருவரை எடுத்தார்கள்.

"ஏன் அம்மணி, எம்பேரச் சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்றாள் ரோஸ்லின்.

"வேலை போயிரும்னு பயந்துபோட்டேன்."

"என்ற வேலையா, உன்ற வேலையா?"

எனக்கே அதில் இன்னும் சந்தேகம்தான்.

அப்புறம் யாருக்குக் கம்பி முறுக்கிக்கொண்டாலும் அவள் எழவில்லை. கொஞ்ச நாளில் வரவும் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் விற்கிறார்கள்.

மெக்கானிக் புதுக் கம்பியை இழுத்தார். "இறுக்காதீங்க, பூச்சு உரிஞ்சுரும்" என்றேன். நிமிர்ந்தார்.

"யாருகிட்டங்கக்கா பழகுனீங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"ரோஸ்லின்கிட்ட."

அவருக்கு யாரென்று தெரியவில்லை. எந்தக் கம்பெனி என்றார். சொன்னேன். அதுவும் தெரியவில்லை.