கட்டிக்குத் தீனி போட்ட காலம்

மூளைக் கட்டியின் செல்களை ஒழிக்க வழி தேடுகிறவர்கள், முதலில் அவற்றைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாக வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் கூத்து. தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கைக்குழந்தையை நினைத்துக்கொள்ளலாம்.

பண்டிகை விடுமுறை

இந்தச் செல்களுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள், அவை வளரும் தட்டிலிருக்கும் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதில் கலப்பது கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். மயிலாப்பூரில் என் மாமியாரிடம் இந்த விவரத்தைப் பற்றி மட்டும் நான் மூச்சுவிட்டதில்லை.

ஒரு பொங்கலன்று, பால் பொங்குவதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாமியார் கரண்டியும் கையுமாக வாசல்வரை வந்தார்.

"ஆத்துல மனுஷாளுக்கு இன்னும் இலை போடலை, நீ யாரோட கட்டிக்கோ சாதம் போட ஓடறயா?"

மருந்து போடாத தட்டு

அந்த 'யாரோ'வின் பெயர் தனசேகர். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் இருந்த ஆட்டோ டிரைவர். அவர் தலையில் இருந்த கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. எடுத்ததில் ஒரு துண்டு, அவரும் மனைவி செல்வியும் சம்மதித்த பிறகு, எங்களிடம் வந்தது.

செல்லுக்கு வெளியிலிருந்து 'வளர்' என்று ஒரு கட்டளை வரும். அது உள்ளே கைமாறிக் கைமாறி நடுவிடத்துக்குப் போய்ச் சேரும். நடுவழியில் அதை மறிப்பதுதான் எங்கள் மருந்தின் வேலை. ஒரு தட்டில் மருந்து போடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டை மருந்தில்லாமல் விடுவோம். ஒரு திங்கட்கிழமை பார்த்தால், மருந்து போட்ட தட்டில் அத்தனை செல்களும் செத்து மிதந்தன. கால் தரையில் பாவாமல் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் இரண்டு தட்டையும் பார்த்தார்.

"மருந்து போடாததும்தானேம்மா செத்திருக்கு? நேத்து பூரா கரண்ட் இல்லை, செல்லை வெதுவெதுப்பா வெச்சிருக்கற பெட்டி நின்னுபோச்சு. டாக்டர் பட்டத்தை அந்தக் கரண்ட் கட்டுக்குத்தான் குடுக்கணும்."

நின்றால் போதும்

உறையவைத்திருந்த மிச்சச் செல்களிலிருந்து மறுபடி வளர்த்தோம்; அடுத்த முறை கரண்ட் கைவிடவில்லை. மருந்து போடாத தட்டில் செல்கள் பெருகி வழிந்தன. மருந்து போட்டதில் அவை சாகவில்லை, பெருகுவதை மட்டும் நிறுத்திக்கொண்டன. மருந்தைக் கழுவிவிட்டால் சில நாட்களில் மறுபடி ஆரம்பித்தன.

தனசேகரைக் கதிர்வீச்சுக்கு அழைத்து வந்த செல்வி, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். அளந்து அளந்துதான் பேசினேன். செல்கள் சாகவில்லை, வளராமல் நிற்கின்றன, அதுவும் தட்டில் மட்டும்; மருந்தை எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, மனிதருக்குக் கொடுக்கவே முடியாது என்றேன். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"சாவ வேணாம் மேடம், நின்னா போதும். எம்பொண்ணு பத்தாவது பரீச்ச எய்தி முடிக்கறவரிக்கும் நின்னா போதும்."

இரண்டு தட்டுகள்

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகியிருக்கும். ஆனாலும் அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பரீட்சைக்கு முன்பே தனசேகர் போய்விட்டார். ரிசல்ட் வந்த வாரம் செல்வி ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். பெண் பாஸ். என் கையில் சாக்லெட்டைக் கொடுத்துவிட்டு, "அவராண்ட எடுத்தது இன்னும் கீதுங்களா மேடம்?" என்றார். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். மருந்தில்லாத தட்டில் செல்கள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மருந்து போட்டதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அப்படியே நின்றிருந்தன. இரண்டாவது தட்டிலிருந்து அவர் கண்ணை எடுக்கவேயில்லை. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அவருக்குக் குடுக்க முடியாத மருந்த, இதுக்கு மட்டும் நாள் தவறாம குடுத்துக்கினு கீறீங்களே மேடம்."

ஆள் போன பிறகும் அவருடைய கட்டியைச் சாகாமலும் வளராமலும் பத்திரமாக வைத்திருந்ததை, அந்த வருட அறிக்கையில் நாங்கள் 'நல்ல முன்னேற்றம்' என்றுதான் எழுதினோம்.