கப்பலே இல்லை என்றார்கள்

பதினான்கு வருடம் ஒரே சரக்குக் கப்பலில் வேலை செய்தேன். என் கடல் சர்வீஸ் புத்தகத்திலோ நான்கு கப்பல்களின் பெயர் இருக்கிறது. முதலாளி மாறும்போதெல்லாம் கொடியும் பெயரும் மாறின. நான் போசன், அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதுவது என் பொறுப்பு. அதன் கீழே பதிவான துறைமுகத்தின் பெயரையும் எழுத வேண்டும். அந்த ஊர்களில் ஒன்றுக்கும் நாங்கள் போனதில்லை.

இரண்டாவது விற்பனை அரபு நாட்டு ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே, சிக்னல் எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டிருந்தபோது நடந்தது. அன்றே பழைய கம்பெனி சாட்டிலைட் இணைப்பை நிறுத்திவிட்டது. நான்கு நாள் வெயிலில் பலகையில் தொங்கியபடி பெயிண்ட் அடித்தேன்.

அதே வாரம் இங்கே ஊரில், பழவங்காடிக் கடைத்தெருவில் மழைத்தண்ணீரில் வழுக்கி அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எனக்குச் சொல்ல மனைவி கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறாள். அந்தப் பெயரில் கப்பலே இல்லை என்று வைத்துவிட்டார்கள். கப்பல் முங்கிவிட்டது, மறைக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். அம்மாவிடம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் கப்பல் விபத்துச் செய்திகளைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

புதிய கம்பெனி ஆள் ஏறி வந்ததும் அவருடைய சாட்டிலைட் போனை வாங்கி மனைவியை அழைத்தேன்.

"அப்படி ஒரு கப்பலே இல்லையாம், கேட்டோ. நான் எங்க போயி விசாரிப்பேன்?"

"பேர் மாத்தியாச்சு," என்றேன். பெயர் மாறப்போவது ஒரு மாதமாகவே எனக்குத் தெரியும். வீட்டில் சொல்ல வேண்டிய விஷயமாக அது படவே இல்லை.

மாற்று ஆள் கிடைத்து ஆரியசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். மனைவி சண்டை போடவில்லை. சோர்ந்திருந்தாள், நானும்தான். பிறகும் அதே கப்பலுக்கே போய்வந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் ஏஜென்ட் கூப்பிட்டார். கப்பல் மறுபடி கைமாறிவிட்டதாம்; பழகிய ஆள் வேண்டுமாம். போக விருப்பமில்லை, வேறு வேலையும் தெரியாது. மனைவியிடம் புதிய பெயரைச் சொன்னேன்.

"பேரு வேண்டாம். மாறாததா ஏதாவது உண்டா?"

உண்டு. கட்டும்போதே கப்பலுக்குக் கொடுக்கும் ஏழு இலக்க எண். யார் வாங்கினாலும் மாறாது. இணையத்தில் அதைத் தட்டினால் கப்பல் இருக்கும் இடமும் தெரியும். இத்தனை வருடத்தில் அதை அவளிடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. சொன்னேன். போனில் பதிந்தாள், அது போதாதென்று அம்மாவின் மருந்துச்சீட்டின் பின்பக்கத்திலும் எழுதினாள். இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்தாள்.

அந்த முறை கடலில் இருந்த ஒன்பது மாதமும் நான் அழைக்கும்போதெல்லாம் கப்பல் எங்கே நிற்கிறது என்று அவளே முதலில் சொல்லிவிடுவாள். நான் "ம்" என்பேன்.