பாவாடை நாடா முடிந்த இடம்

கட்டுப் போடுகிற வேலையில் கையில் ஒட்டும் நாற்றம் சோப்புப் போட்டால் போய்விடும், "இந்தப் புண் எத்தனை நாளா இருக்குது?" என்ற கேள்விக்கு வருகிற பதில்தான் ஆளைப் படுத்தும். எழுபதுகளில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நோயாளியிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கிய எல்லோருக்கும் என் பாடு புரியும்.

நேற்று வந்த புண்

ஒரு விவசாயி வந்தார். முழங்காலுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு, அதன் நடுவில் விளிம்பு தடித்த புண். பழைய தழும்பில் ஆறாத புண் கிளம்பினால் அது தோல் புற்றுநோயாக இருக்கலாம், எத்தனை நாளானது என்று கட்டாயம் கேள் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டேன். "நேத்துதாங்க" என்றார். பேரம் பேசி ஒரு வாரம் வரைக்கும் கொண்டுவந்தேன். அதற்குமேல் மனிதர் நகரவில்லை. வாசலில் நின்ற அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பெரியவ கண்ணாலத்தப்பவே இருந்துச்சுங்க. இப்ப அவ மவளுக்குக் காது குத்தியாச்சு."

நானும் சேர்ந்து மறைத்தது

மாதம்மா கடலைக்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரின் சேலையில் இடுப்போரம் ரத்தக்கறை. கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். குனிந்து நிமிரும்போது அவிழக்கூடாதென்று பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி, சின்ன வயதிலிருந்து ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார். அந்த இடம் கறுத்துத் தோலுரிந்து, நடுவில் புண்.

அவர் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். அந்த வருஷங்களில் குஷ்டரோகம் யாருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆறாத புண் என்றாலே ஊர் அந்தப் பெயரைத்தான் வைக்கும். சம்பந்தம் முறிந்துவிடும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பு எதுவும் இல்லையே, நாடா உரசிய புண்தானே என்று நானும் டாக்டரிடம் காட்டாமல் மூன்று வாரம் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினேன். நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. மூன்றாம் வாரம் புண் பெரிதாகியிருந்தது. நான் அழுதுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"அழுவாதீங்க நர்சம்மா. கண்ணாலம் முடியட்டும், அப்பறம் சாவறதுன்னாலும் சாவறேன்."

நல்ல செய்தி

அன்றே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நாடா இறுகி உரசினால் அங்கேயும் தோல் புற்றுநோய் வரலாம், டாக்டர்களே இதையெல்லாம் இப்போதுதான் கவனித்துப் பார்க்கிறார்கள் என்றார். சேலம் பெரியாஸ்பத்திரியில் புண்ணில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்து, அதுவேதான் என்றார்கள். பரவுவதற்குள் முழுசாக எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். இதை மாதம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். எப்படியோ சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப குஷ்டம் இல்லீங்களே? இத மொதல்லியே சொல்றதுக்கென்னங்க! யாரு கேட்டாலும் சொல்லிருங்க."

சம்பந்தியம்மா

ஆபரேஷன் முடிந்து மாதம்மா வீடு திரும்பிய வாரமே, மாப்பிள்ளையின் அம்மா பாலக்கோட்டில் பஸ் ஏறி நேராக என்னிடம் வந்துவிட்டார். மாதம்மா என் அறைக்கு வந்துபோனதை யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். "பெருநோய்தானுங்களே? மறைக்காம சொல்லுங்க" என்று குஷ்டத்தைத்தான் கேட்டார். ஒரு தடவை மறைத்தது போதும் என்று உள்ளதைச் சொன்னேன். ஒட்டிக்கொள்ளாத வியாதி, நாடா முடிச்சு இறுகிய இடத்தில் வந்தது, வெட்டியெடுத்தாயிற்று. அந்த அம்மா சட்டென்று எழுந்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். எழுந்தவர் வெளியே போகாமல், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இடுப்புச் சேலையை நகர்த்தினார்.

"எனக்கும் அங்கதாங்க கறுத்துக் கெடக்குது. கண்ணாலம் அது பாட்டுக்கு நடக்கும், மொதல்ல இதப் பாருங்க."

அவருக்கு வெறும் கறுப்போடு போயிற்று, கல்யாணமும் நடந்தது. நாடாவை அகலமாகத் தைத்து, தளர்த்தி, தினம் ஒவ்வொரு பக்கமாக மாற்றி முடியுங்கள் என்று அன்று முதல் வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னதைத்தான், ஊசியும் மாத்திரையும் இல்லாத பாவத்துக்கு, ஒருவரும் வைத்தியமாக மதிக்கவில்லை.