கெங்கம்மாள் போட்ட ஏலம்

மாரியம்மன் கோயில் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம். எதிர்த்துக் கேட்டவர் ஓர் அரிசி ஆலைக்காரர். பிழைக்காது என்று எருக்குழி ஓரம் கிடத்தப்பட்ட ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அது பிறகு இரண்டு இரண்டாகக் குட்டி போட்டுத் தெருவையே நிறைத்தது. மண்டியில் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த பதினோரு மணி டீ. பெண் பார்க்க வந்த இடத்தில் "இவ்ளோ சத்தமா பேசற பொண்ணு நமக்கு ஒத்து வராது" என்று எழுந்துவிட்ட ஒரு மாமியார். அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் இவள் கையால் கரைத்த கேப்பைக் கூழைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இவ்வளவும் என் தங்கை கெங்கம்மாள் ஜெயித்தவை.

அவள் இப்போது திண்டிவனத்தில் தன் வீட்டு வாசலில், ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று, பித்தளைத் தவலை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். "ஓட்டை இல்ல, ஒடசல் இல்ல. என் கல்யாணத்துக்கு வந்த தவல. என்னைவிட நல்லா இருக்குது. கேளுங்க, கேளுங்க" என்கிறாள். தெரு சிரிக்கிறது. ஒலக்கூரிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள்கூட மாட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஏலம் அவளுக்குத் தொழில் அல்ல. காதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் பதினைந்து வருஷம் வேலை செய்தாள். காய் உடைப்பது, புடைப்பது, மூட்டை பிடிப்பது, கடைசியில் கோணி ஊசியால் வாய் தைப்பது. பக்கத்திலேயே தினமும் ஏலம் நடக்கும். அந்தக் குரல் அவள் தொண்டையில் ஏறிவிட்டது. சட்டியில் மிஞ்சிய கடைசிக் கருவாட்டுத் துண்டைக்கூட "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவித்தான் யார் தட்டிலாவது போடுவாள். கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொள்வது அவள் வழக்கம். கோயிலுக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கும். நகை போடாத குறையை அது தீர்த்துவிடுகிறது என்பாள். வேடிக்கையாக ஏதாவது சொல்வதற்கு முன் அவளே முதலில் சிரித்துவிடுவாள். அதனால் எதிரில் இருப்பவர்களும், என்ன என்று தெரியாமலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த ஏலத்துக்குக் காரணம் சந்தோஷமானது. அவள் புருஷன் தாண்டவராயனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இருப்பதற்கு வீடு. வீட்டுக்குள் குழாய். சுவரில் ஒரு விசையைத் தட்டினால் விளக்கு. தாண்டவராயன் அதிகம் பேசாதவன். இந்தச் செய்தியைச் சொல்ல அவன் வாசலில் நின்று மூன்று முறை செருமியதாகக் கெங்கம்மாள் சொன்னாள். "நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினேன் அண்ணா. அப்புறம் பாத்தா குழா தண்ணிங்கறாரு, லைட்டுங்கறாரு."

வீட்டைக் காலி செய்ய உதவலாம் என்று, விழுப்புரத்தில் நான் துணி அளந்து கிழிக்கிற கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் தெரிந்தது, வீட்டில் ஒரு வழக்கு இருக்கிறது என்று.

வழக்கு ஆட்டுக்கல்லைப் பற்றியது. நெய்வேலியில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள், சூடாக எதுவும் கிடைப்பதில்லை என்று தாண்டவராயனே ஒரு நாள் சொல்லியிருந்தான். கெங்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். போன மறுநாளே இட்டலி போட்டுவிடுவது என்று அவள் மனத்தில் கடையே திறந்தாகிவிட்டது. அவனோ அதே வாரத்தில் கல்லைத் தருவதாக டீக்கடைத் துரைக்கண்ணுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"போற எடத்துல ஆட்டுக்கல்லே இருக்காதா?" என்றான் அவன்.

"கல்லு இருக்கும். இந்தக் கல்லு இருக்குமா? புதுக் கல்லு மாசக்கணக்குல மண்ணத்தான் அரைக்கும். சுரங்கத்துல வேல செய்யறவன் அங்கயும் மண்ணு துன்னுட்டு, என்னாண்ட வந்தும் மண்ணா துன்னுவான்?"

"வாக்கு குடுத்துட்டேனே, புள்ள."

புருஷனின் வாக்கை உடைக்கிறவள் அல்ல கெங்கம்மாள். கல்லை விட்டுவிட்டு நெய்வேலியில் குழாயையும் விளக்கையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருகிறவளும் அல்ல. "சரி. உன் வாக்குக்கு நான் குறுக்க வரல. எல்லாத்தையும் ஏலத்துல வுடறேன். அந்த டீக்கடைக்காரரும் வந்து கேக்கட்டும். அதிகம் கேட்டவங்களுக்குப் பொருளு. மண்டியில அதான் மொற" என்றாள்.

இப்படித்தான் அவள் பெட்டியின்மேல் ஏறினாள்.

விளக்கை மட்டும் ஏலத்தில் வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கை விற்பதில்லை. அதைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்த மகள் ராஜாமணிக்குத் துடைத்துக் கொடுத்தாள். மற்றதெல்லாம் போனது. தவலை, இரும்பு வாணலி, முறங்கள், கயிற்றுக் கட்டில். எதையும் வெறுமையாகக் கொடுக்கவில்லை. ஏலம் எடுத்தவர் கையில் கொடுக்குமுன் ஒரு பிடி மல்லாட்டையை உள்ளே போட்டாள். கட்டிலை எடுத்தவர் விருத்தாசலம் என்ற சைக்கிள் கடைக்காரர். "கட்டிலுக்குள்ள எங்கம்மா போடுவே?" என்றார் அவர். கெங்கம்மாள் அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"நீ நிக்கிற பொட்டி இன்னா வெல?" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

"நின்ன எடத்துக்கே வெல வச்சிட்டியா நீ" என்று அவள் சிரித்து, இறங்கி, அதையும் ஏலம் விட்டாள். அதன்பிறகு தரையில் நின்றாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

அவசரத்தில் ஒரு தப்பும் நடந்தது. அடுப்பங்கரையிலிருந்து ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்த மண்சட்டி ஒன்றை அவளே போய்க் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு நஃபீசா பீவி விலை கேட்க, மளமளவென்று மூன்று தரம் சொல்லிவிட்டாள். மல்லாட்டை போடுவதற்காக மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே அன்று ராத்திரிக்கு வைத்திருந்த கருவாட்டுக் குழம்பு.

"ஐயையோ, அக்கா, சட்டி மட்டுந்தான்" என்றாள்.

"மூணு தரம் சொல்லிட்டே கெங்கம்மா. மண்டி மொற மொறதான்" என்று நஃபீசா பீவி சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோட்டக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். இருபது வருஷமாகத் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். "ராத்திரி மூணு பேரும் எங்க ஊட்டுக்கு வந்துடுங்க. உன் கொழம்பு, என் சோறு."

கடைசியாக ஆட்டுக்கல். அதைத் தூக்கிக் காட்ட முடியாது. எனவே கூட்டமே நகர்ந்து அதைச் சுற்றி நின்றது. துரைக்கண்ணு தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, கொடுத்த வாக்கை வாங்கிப்போக வந்தவர்போல முன்னால் வந்தார். ஐந்து ரூபாய் என்றார்.

"ஆறு" என்றாள் கெங்கம்மாள்.

கூட்டம் யார் கேட்டது என்று திரும்பிப் பார்த்தது. துரைக்கண்ணுவும் பார்த்தார். "யாரும்மா ஆறு?"

"நான்தான்."

"விக்கிறவளே கேக்கறதாவது."

"மண்டிக்காரரும் மண்டியில கேக்கறாருங்க. சாமி எலுமிச்சம்பழத்த பூசாரி கேக்கல? நீங்க மேல கேளுங்க."

துரைக்கண்ணு தாண்டவராயனைத் தேடிப் பிடித்தார். "ஏம்பா, வாக்கு குடுத்தியே."

தாண்டவராயன் செருமினான். "நான் குடுத்தது வாக்குங்க. அவ வச்சிருக்கறது ஏலம்."

தெரு அப்போது சிரித்த சிரிப்பில் வண்டி மாடுகள் மிரண்டன. துரைக்கண்ணுவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் ஏற்றினார், இவளும் ஏற்றினாள். கடைசியில் அவர் துண்டை உதறி, "இந்த வெலைக்கு ரெண்டு கல்லு வாங்கலாம்" என்றார்.

"அப்போ ரெண்டா வாங்கிக்குங்க. நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒரு தரம்" என்றாள். துரைக்கண்ணு உதறிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ரெண்டு தரம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மண்டிக் குரலாக இல்லை, சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு தணிவாகப் பேசுவாளே, அந்தக் குரலாக இருந்தது. அந்த இடைவெளியில் அவர் இன்னும் ஒரு ரூபாய் ஏற்றியிருந்தால் அவளிடம் மேலே கேட்க ஒன்றுமில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். "மூணு தரம்."

சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். மண்டியில் கடைசி வாரம் கொடுத்த கூலி அது. முழுவதையும் எடுத்துத் தாண்டவராயன் கையில் வைத்தாள். "வூட்டுப் பொருளு, வூட்டுக்காரர் கையில காசு. கணக்கு சரியாப் போச்சா?" என்றாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ச் சாக்குகள் எடுத்து வந்தான். மனைவியை மறுக்காதபோது அவன் செய்வது இதுதான். வேலையைத் தொடங்கிவிடுவான்.

தன் பங்குக்கு ஒரு பிடி மல்லாட்டையை ஆட்டுக்கல்லின் குழியிலும் போட்டாள்.

அன்று ராத்திரி நஃபீசா பீவி வீட்டில் சாப்பிட்டோம். சோற்றைக் குவித்துப் போட்டுவிட்டு, "இந்தக் கொழம்பு இனிமே எங்க கெடைக்கும்?" என்றாள் அவள்.

"பஸ் ஏறி வா. குழா தண்ணியில கை கழுவ வைக்கறேன்" என்றாள் கெங்கம்மாள்.

"இட்டலிக்கு என்னாண்ட காசு கேப்பியா?"

"ஏலத்துல வுடுவேன்."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைப்பது சிரிப்பினாலா என்று நான் ஆராயவில்லை.

சொல்லிக்கொண்டு போவதற்காகக் காலையில் மண்டிக்குப் போனாள். பெண்கள் ரவிக்கைத் துணி கொடுத்தார்கள். மூட்டைகளுக்கு மார்க்கு போடுகிற இருதயராஜிடமிருந்து மட்டும் அவளே ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தாள். மூட்டைக்காரரின் பெயரைத் தகரத் தகட்டில் எழுத்தெழுத்தாக வெட்டி, அதைச் சாக்கின்மேல் வைத்து, மையைத் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால் பெயர் விழும். அப்படி ஒரு தகட்டில் தன் பெயரை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறாள். கெங்கம்மாள். ஆறு எழுத்து. ஒரு மாதமாக அந்தத் தகட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அடுப்புக் கரியால் தரையில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பதை அன்றுதான் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அதுவரை எங்கே கேட்டாலும் கட்டை விரல்தான்.

ஆட்டுக்கல்லையும் குழவியையும் தனித்தனியாகச் சாக்கில் சுற்றி, கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துத் தைத்தாள். தகட்டை வைத்துத் தேய்த்துப் பெயர் போட்டாள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகத் துரைக்கண்ணுவின் கைவண்டி வந்தது. அவரே தள்ளிக்கொண்டு வந்தார். "தோத்தவன் தூக்கணும் இல்ல" என்றார். அவருக்கு மூன்று பேர் கை கொடுத்தோம்.

பார்சல் ஆபீஸில் இருந்த கிளார்க்கின் பெயர் சீனுவாசன். சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்லா? நெய்வேலியில தோண்டறதே கல்லுதானே, இங்கேருந்து வேறயா" என்றார்.

"அது எரியற கல்லுங்க. இது அரைக்கிற கல்லு."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மையில் தொட்டு எழுதினார். "யார் பேர்ல அனுப்பறது? புருஷன் பேரா?"

தாண்டவராயன் செருமினான். "அவ பேர்லயே போடுங்க. ஏலத்துல எடுத்தவ அவதான்."

எழுதி முடித்து, காகிதத்தைத் திருப்பி வைத்து, கிளார்க் பழக்கத்தில் கைநாட்டு வைக்கிற மைப்பெட்டியையும் பக்கத்தில் தள்ளினார். கெங்கம்மாள் அதை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். சாக்கின்மேல் இருந்த பெயரை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்துகள் மூட்டை எழுத்துகள். கொடுத்திருந்த கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றன. தகட்டில் வெட்டும்போது சுழிகள் உதிர்ந்துவிடாமல் இருக்க நடுநடுவே கொஞ்சம் வெட்டாமல் விடுவார்கள். அந்த இடைவெளிகளையும் அவள் ஒன்றுவிடாமல் அப்படியே எழுதியிருந்தாள். ஒவ்வொரு சுழியும் ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தது.

"எழுத்தெல்லாம் அங்கங்க விட்டுப் போயிருக்கேம்மா. சேத்துடுங்க" என்றார் கிளார்க்.

"விட்டுப் போகலீங்க. என் பேரு அப்படித்தான்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். கெங்கம்மாள் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, மை காயும்வரை வாயால் ஊதினாள். பிறகுதான் கொடுத்தாள். அன்று 1961 ஜூன் 21, புதன்கிழமை.