அத்தையின் மேல் வகுப்பு

என் சின்ன அத்தைக்குச் சாமி வந்துவிட்டது என்று எங்கள் ஊரே நம்பிய காலத்தில், அது சாமி இல்லை, பாடம் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று அத்தை. இன்னொன்று நான். ஒன்பது வயதுக்காரிக்குத் தெரிந்ததை யார் ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து அவளைப் பொன்னமராவதிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு புருஷன் வீட்டிலிருந்து அவளை அழைத்துப் போக யாரும் வரவில்லை. ராசியில்லாதவள் என்று மாமியார் எங்கோ சொன்னது நாலு வாய் மாறி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டதிலிருந்து அப்பா ஒரே பிடிவாதமாக இருந்தார். இனி அவர்களே வந்து காலில் விழுந்தாலும் தங்கையை அனுப்புவதில்லை என்றார். எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்திருந்தது. அத்தை இருந்தால் வலிக்காமல் தலை பின்னிவிட ஒரு ஆள், அம்மா கை ஓங்கும்போது குறுக்கே வர ஒரு ஆள். அத்தைக்கு என்ன விருப்பம் என்று யாரும் அவளிடம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டியபோது அங்கிருந்த நர்ஸம்மா, மாத்திரையோடு ஒரு விலாசமும் சொல்லி அனுப்பினாள். சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராஜா காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தன் வீட்டில் பெண்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தாள். தூக்கம் வந்தால் சரி என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

துணைக்கு நான் போவேன். வயசுப் பெண்ணைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பக் கூடாது, கூட ஒரு பொடிசு இருந்தால் போதும் என்பது எங்கள் ஊர் நியாயம். வழியில் ஏதாவது என்றால் அந்தப் பொடிசு என்ன செய்யும் என்று யாரும் யோசித்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்தை உடனே நடக்கமாட்டாள். பொன்னமராவதி பஸ் வந்து நின்றால், அதிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். மாமா வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் அவளோடு சேர்ந்து பயந்தேன்.

டீச்சரம்மா வீட்டில் முதல் வகுப்பு, கீழ் வகுப்பு. அங்கே விளக்குச் சுடரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது பழகியவர்களை மேல் வகுப்பில் சேர்ப்பார்கள். நான் விளக்கைப் பார்த்த உடனே தூங்கிவிடுவேன். அத்தை சீக்கிரமே மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பஸ்ஸில் திரும்பும்போது நச்சரித்தேன்.

“ஒண்ணும் இல்லடி. மூச்சு வருது, போகுது. அதப் பாக்கணும். மனசுல என்ன வந்தாலும் அதையும் பாக்கணும். கூட்டாம கொறைக்காம, உள்ளத உள்ளபடிக்கு.”

“பாத்தா?”

“பாத்தா பாத்ததுதான்.”

இதற்கு ஒரு மேல் வகுப்பா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆகாயத்தில் பறக்கச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

வீட்டில் தினமும் பழக வேண்டும் என்பது டீச்சரம்மாவின் கண்டிப்பு. காலையில் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் அத்தை பாய் போட்டு உட்காருவாள். யார் கூப்பிட்டாலும் அந்த நேரம் முடியும் வரை பேசமாட்டாள். கொஞ்ச நாளில் சாப்பிட்டாள், தூங்கினாள். ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அங்கேதான் வினை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பாலுக்கு உறைமோர் கேட்டு வந்தவள், ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்துவிட்டாள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, முகத்தில் ஒரு களை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா தன் தொலைந்துபோன ஆட்டைப் பற்றி ஜன்னல் வழியாகவே கேட்டாள். அத்தை அந்த நேரம் பார்த்து ஒரு நீண்ட மூச்சு விட்டிருக்கிறாள். சாயங்காலம் ஆடு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஆடு ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால் எங்கள் குடும்பத்தின் கதையே வேறாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து ஜன்னலுக்கு வெளியே கூட்டம். மகன் எப்போது மலேயாவிலிருந்து வருவான், கிணற்றில் எங்கே தண்ணீர் ஊறும், மருமகள் ஏன் முறைக்கிறாள் என்று கேட்பார்கள். அத்தை எழுந்ததும் அத்தனை பேரிடமும் மன்றாடுவாள்.

“சாமியெல்லாம் இல்லக்கா. நான் சும்மா மூச்சப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“சாமி வந்தவங்க என்னைக்குத் தாயி ஒத்துக்கிட்டிருக்காங்க?” என்று சொல்லிவிட்டு, சூடத்தை ஏற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள். நானும் தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். அது கீழ் வகுப்பு, இது மேல் வகுப்பு என்று விளக்கியும் பார்த்தேன். சாமி குற்றமாகிவிடும், வாயை மூடு என்று எனக்குத் திருநீறு பூசி அனுப்பினார்கள்.

சாமி என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது. யார் வீட்டுச் சாமி? எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. அந்தச் சாமி அவள்மேல் இறங்கினால் அது அவர்கள் வீட்டுக்குப் பெருமை, மேளம் வைத்து அழைத்துப் போவார்கள். பிறந்த வீட்டுச் சாமி இறங்கினால் கதை வேறு. ஏதோ குறை இருக்கிறது, அது தீரும் வரை பெண்ணை அனுப்பக் கூடாது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு அய்யனார். அவர்களுக்குக் கருப்பர். செய்தி பொன்னமராவதி வரைக்கும் போயிருந்தது. ராசியில்லாத மருமகள் இப்போது சாமி வந்த மருமகள் ஆகிவிட்டாளே! புருஷன் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கோடாங்கியை வைத்துக் கேட்போம், கருப்பர் என்று தெரிந்தால் அன்றைக்கே மரியாதையாக அழைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் அப்பா அத்தையிடம் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இங்க பாரு, கோடாங்கி ஒடுக்கை அடிச்சு யாருன்னு கேப்பாரு. அய்யனார்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன். ஒன்ன யாரும் இங்கிருந்து அசைக்க முடியாது.”

அத்தை சுவரோரமாய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதும் நான் அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு கெஞ்சினேன்.

“சொல்லிருங்க அத்தே. ஒரே ஒரு வார்த்தைதானே.”

“ஆமாண்டி. ஒரே ஒரு வார்த்தைதான்” என்றாள். என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். எனக்குத் திருப்தியாகிவிட்டது, சொல்லிவிடுவாள் என்று.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தார்கள். மாமியார், மாமாவின் சித்தப்பா ஒருவர், பின்னால் மாமா. மாமாவை நான் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். பேய் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, வெயிலில் கறுத்து, கையில் அல்வாப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் என்னிடம் கொடுத்தார். “அத்தைக்குப் பிடிக்கும்” என்றார். நான் வாங்கிப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

அத்தை வழக்கம்போல அந்த நேரத்தில் பாயில் உட்கார்ந்தாள். நெல் மூட்டைகளுக்கு நடுவே எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். ஜன்னலில் ஊர். கோடாங்கி உடுக்கையை அடித்தார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அத்தை அசையவில்லை. மூச்சு வருவதும் போவதும் மட்டும் தெரிந்தது. உடுக்கைச் சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது.

“வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு தாயி!”

அத்தை கண்ணைத் திறந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு மாமாவைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் மனசுக்குள் அய்யனாரே, அய்யனாரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“யாரும் வரலைங்க. நான்தான் உக்காந்திருக்கேன்” என்றாள் அத்தை.

கோடாங்கி இப்படி ஒரு பதிலைத் தன் தொழிலில் கேட்டிருக்கமாட்டார். உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். ஜன்னலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அத்தை மாமியாரின் பக்கம் திரும்பினாள். “காலையில கொஞ்ச நேரம் இப்படி உக்காருவேன் அத்தே. மனசு அடங்குது. வேற ஒண்ணும் இல்ல. அங்கிட்டு வந்தாலும் வேல எல்லாம் முடிச்சுட்டுத்தான் உக்காருவேன்.”

மாமியார் எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம், பயம்தான் இருந்தது. “கருப்பரு வந்திருந்தா கும்பிட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பேய் புடிச்சிருந்தாக்கூட ஓட்டியிருப்பேன். சாமியும் வரல, பேயும் புடிக்கல, ஒரு பொம்பள தானா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கான்னா, அவ மனசு எங்கிட்டுப் போகும்னு யாரு கண்டா? இது எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுங்க.”

அத்தை மாமாவைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது. மாமா வாயைத் திறந்தார், தன் தாயைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தாயின் பின்னால் நடந்தார். வண்டியில் ஏறும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு அவர்கள் வரவே இல்லை.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோமே! அய்யனார் என்று பொய் சொல்லாமலே அத்தை எங்களோடு தங்கிவிட்டாள். பொய்யும் இல்லை, பிரிவும் இல்லை. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அப்பா வயலுக்குப் போய்விட்டார். அம்மா அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கருப்பர்னு சொல்லியிருக்கலாமேடி! அந்த ஒரு வார்த்தை சொன்னா மேளத்தோட கூட்டிட்டுப் போயிருப்பாங்களேடி!” என்று அழுதாள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அய்யனார் என்று சொன்னாலாவது அர்த்தம் உண்டு, அத்தை இங்கேயே தங்கலாம். கருப்பர் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? எதற்கும் அத்தையின் கண்ணில் பட வேண்டாம் என்று அல்வாவை மூட்டைச் சந்தில் உட்கார்ந்து நானே தின்று முடித்தேன்.

மறுநாள் காலை அத்தை வாசல் தெளித்தாள், மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், பாய் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் ஒருவரும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். முதுகு நேராக இருந்தது. மூச்சு வந்தது, போனது. மூடிய கண்களிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னம், கழுத்து எல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை, விசும்பவில்லை. அதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் அப்படி நான் கண்டதில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய், அத்தைக்கு மேல் வகுப்பில் அடுத்த பாடம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.