அணைப் பூங்காவில் பெண் பார்த்த ஞாயிறு

என்னை மூன்றாவது முறை பெண் பார்த்தது வீட்டில் இல்லை, கோமுகி அணைப் பூங்காவில். முதல் இரண்டு முறை வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள்தான். அதன் பிறகு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால்கூடத் தெருவே விசாரித்தது. அதனால் இந்த முறை வெளியில் எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா தரகரிடம் சொல்லிவிட்டார்.

நான் அப்போது சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறினோம். நான் பட்டுப் புடவை வேண்டாம் என்று சுடிதாரில் வந்தேன். அதற்கே அம்மா கள்ளக்குறிச்சி வரைக்கும் பேசவில்லை.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பூங்காவுக்குப் பின்னால் கல்வராயன் மலை கழுவி வைத்தது போல இருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். அப்பா இல்லாத பிள்ளையைக் கரும்பு வெட்டப் போய் வளர்த்தவர் அந்த அம்மா. வந்ததும் வராததுமாக, எதிரே விற்ற சீத்தாப்பழத்தில் பழுத்ததாக ஒன்றைப் பார்த்து என் கையில் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பெரியவர்கள் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எங்கள் இருவரையும் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். சறுக்குமரத்தைத் தாண்டும்வரை மாப்பிள்ளை குரோட்டன்ஸ் வேலியில் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டே வந்தார். பிறகு நின்றார்.

"நீங்களே புடிக்கலன்னு சொல்லிடுங்க. நான் திருப்பூர்ல ஒரு பொண்ண விரும்பிக்கினு இருக்கேன். வேற சாதி. அம்மாகிட்ட சொல்ல தைரியம் வரல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முன்பு வந்த இரண்டு பேரும் என்னை வேண்டாம் என்றார்கள். இவரோ வேண்டாம் என்று சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டுகிறார். ஏன் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாக்கள் இருவரும் எலுமிச்சைச் சாதத்தை எங்கள் டப்பாவிலிருந்தே பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமே முடிந்தது போல் சிரிப்பு.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னிடம் கேட்டார், "இன்னாம்மா, புடிச்சிருக்குதா?"

நடந்ததைச் சொன்னேன். அப்பா செருப்பால் மண்ணைக் கீறினார். பையனைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ள சொன்னத நாம யாருகிட்டயும் சொல்ல வேணாம். ஜோசியர்கிட்ட மறுபடி காட்டுனேன், ஜாதகம் ஒத்துவரலன்னாருன்னு சொல்லிடறேன். உன் மேலயும் பேச்சு வராது."

அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. அம்மா பல நாள் அந்த ஜோசியரைச் சபித்தாள்.

ஒரு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு மதியம் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டையோடு வந்து நின்றவர் அந்த மாப்பிள்ளையின் அம்மா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். மகன் திருப்பூரிலேயே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், முதலில் ஆறு மாதம் பேசாமல் இருந்தேன், இப்போது மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கே அவன் உங்கிட்ட சொல்லிட்டானாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"அவரே சொன்னாத்தான் நல்லா இருக்கும்னு நெனச்சேங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவருடைய அட்டையை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.